கண்மாய்த் தண்ணீரும் நோய்க் கிருமிகளும்

சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் பாசனத்துக்குக் கண்மாய்கள் பெரிதும் பயன்படுகின்றன. மாடு குளிப்பாட்டுவதும், கீரைக்கட்டு அலசுவதும் அதே நீரில் நடப்பதுண்டு. தண்ணீர் தெளிந்திருந்தால் சுத்தமானது என்று நினைப்பது தவறு. அதில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் சில, உணவின் வழியே வயிற்றுக்குள் சென்று நோயை உண்டாக்கும்.

ஒரே கிருமி, பல ரகம்

நெல்லில் பல ரகங்கள் இருப்பதுபோலக் கிருமிகளிலும் உண்டு. காலராக் கிருமியில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. இவற்றில் கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 என்ற இரண்டே. ஓ139 ரகம் 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் கண்டறியப்பட்டது. பழைய ஓ1 கிருமி, வேறு பாக்டீரியாவிடமிருந்து மரபணுத் துண்டைப் பெற்று, தன் மேலுறையை மாற்றிக்கொண்டதால் இது உண்டாயிற்று. முன்பு காலரா கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் இது தாக்கியது. கல்கத்தா, வங்கதேசம் வரை பரவிப் பின்னர் குறைந்தது. இன்று பெரும்பாலும் ஓ1 ரகமே காலராவுக்குக் காரணம்.

நீரில் தங்கும் விதம்

காலராக் கிருமி தனியாக மிதப்பதோடு, நுண்ணிய நீர்ப்பூச்சிகளிலும் ஆகாயத்தாமரை வேரிலும் ஒட்டிக்கொண்டு வாழும். வங்கதேசத்தில் 65 கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து நீரை வடிகட்டியபோது, காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. பூச்சிகளோடு கிருமிகளும் துணியில் தங்கிவிடுவதே காரணம். எனினும் வடிகட்டுவது மட்டும் போதாது. கொதிக்க வைப்பதே பாதுகாப்பு.

மாட்டுச் சாணத்தில் இருக்கும் ஈ.கோலியிலும் கொடிய ரகங்கள் உண்டு. 2018-ல் அமெரிக்காவின் யூமா பகுதியில் விளைந்த லெட்டூஸ் கீரையைப் பச்சையாகத் தின்ற 210 பேர் நோயுற்றனர். 5 பேர் இறந்தனர். அதே ரகக் கிருமி அங்குள்ள பாசன வாய்க்கால் நீரிலும் இருந்தது மரபணுச் சோதனையில் தெரிந்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. கொத்தமல்லி, புதினா, வெள்ளரி போன்று பச்சையாக உண்பவற்றைக் கண்மாயில் அலசி விற்கக் கூடாது. சுத்தமான கிணற்று நீரில் அலசலாம்.

2. கண்மாய் நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் பாய்ச்ச வேண்டும்.

3. கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணம் கூடாது. நன்கு மக்கிய தொழுவுரமே இட வேண்டும்.

4. பாசன நீர் எடுக்கும் இடத்துக்கு அருகில் மாடு குளிப்பாட்டுவதையும், கரையில் மலம் கழிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

5. வயல் வேலைக்குச் செல்வோர், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய நீரை எடுத்துச் செல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைத் தலைதட்டி அளந்து கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். அரிசிக் கழுநீர்போலப் போனால் தாமதம் செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொடிய காலராவில் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

எந்த ரகம் தீங்கானது என்று நீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லா ரகத்துக்கும் பொருந்தும் இந்த முறைகளைக் கடைப்பிடிப்பதே நலம்.