கறுப்புத் திரையில் விசைகளை நம் வசமாக்க

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் லினக்ஸில் கல்லூரிப் பாடம் செய்கிறார்கள். நீண்ட கட்டளையின் முதல் சொல்லில் பிழை என்றதும், கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டே வருகிறார்கள். வேண்டியதில்லை. கண்ட்ரோலுடன் ஏ அழுத்தினால் வரியின் தொடக்கத்துக்குப் போகலாம். ஈ அழுத்தினால் முடிவுக்கு. டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும், ஒய் அதைத் திருப்பித் தரும்.

சிக்னல் கேபினில் எந்த லீவர் எந்தப் பாயிண்டை இழுக்கும் என்பது கம்பி இணைப்பைப் பொறுத்தது. இங்கே இணைப்பு வேலையைச் செய்வது பாஷுக்குள் இருக்கும் ரீட்லைன். ஹோம் டைரக்டரியில், பெயருக்கு முன் புள்ளி வைத்த 'இன்புட்ஆர்சி' என்ற கோப்பை அது படிக்கிறது. இல்லையென்றால் நாமே உருவாக்கலாம்.

மேல் அம்புக்குறிக்கு 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்' வேலையைக் கொடுங்கள். முதலில் கண்ட்ரோல்-வி, பிறகு அம்பு அழுத்தினால் அதன் குறியீடு திரையில் தெரியும். அதில் முதலில் வரும் இரண்டு குறிகளும் எஸ்கேப்பைக் குறிப்பவை. அவற்றுக்குப் பதில் பின்சாய்கோடும் சிறிய ஈயும் எழுத வேண்டும். முழுக் குறியீட்டையும் இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, வேலையின் பெயரை எழுதுங்கள். சேமித்தபின் பாஷில் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஆர்.

இனி இரண்டெழுத்து தட்டி அம்பை அழுத்தினால், அவ்வெழுத்துகளில் தொடங்கும் பழைய கட்டளைகள் மட்டுமே வரும். ஆனால் வந்த வரியை முழுதும் படித்த பிறகே என்டர்! அது 'ஆர்எம்' ஆக இருந்தால், அழிந்த கோப்பை மீட்கக் குப்பைத்தொட்டி கிடையாது.

கண்ட்ரோல்-எஸ் தவறிப் பட்டுத் திரை உறைந்தால் கணிப்பொறியை அணைக்காதீர்கள். அது டெலிடைப் காலத்து நிறுத்தக் குறி. கண்ட்ரோல்-கியூ அழுத்தினால் விடுபடும்.