டேங்க் தண்ணீர் குளிக்க, கேன் தண்ணீர் குடிக்க

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். ஜூன் மாதம் லாஸ் வேகஸில் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து கிராண்ட் கேன்யன், மோவாப், யெல்லோஸ்டோன் என்று பத்து நாள் சுற்றப் போகிறோம். திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரும் எங்கள் ஐந்து மாதக் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள். வண்டி டேங்க்கில் பிடிக்கிற தண்ணீரைக் குடிக்கலாமா? "கொதிக்க வைத்தால் போதும், பாட்டிலுக்கு ஏன் காசைக் கொட்டணும்?" என்கிறார் அத்தை. என் கணவர் டி.டி.எஸ். மீட்டரே வாங்கி வைத்துவிட்டார். யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: இருவருமே தண்ணீர் வருகிற இடத்தைச் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் வண்டியை.

அமெரிக்காவில் முகாம்களின் குடிநீர் பெரும்பாலும் நம்பகமானது. வருடத்தில் 60 நாளாவது சராசரியாக 25 பேருக்குத் தண்ணீர் தரும் முகாம், 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்துக்குள் வந்துவிடும். வருவோர் போவோருக்கான இத்தகைய இடங்களில் கோலிஃபார்ம் கிருமியையும் நைட்ரேட்டையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஆர்செனிக் மாதிரி பல ஆண்டுகள் குடித்தால் கெடுதல் செய்கிறவற்றை அங்கே சோதிக்கச் சொல்வதில்லை. பத்து நாள் பயணத்துக்கு அது பொருட்டல்ல. ஆர்.வி.யிலேயே குடியிருக்கிறவர் கேட்டால் வேறு பதில் சொல்வேன். தனியார் பண்ணைக் கிணறுகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை. அங்கே பிடிக்காதீர்கள்.

நல்ல தண்ணீர் கெடுவது வண்டிக்குள் போகிற வழியில். வாடகை வண்டியோடு தருகிற ஹோஸ், பல சமயம் கழிவுக் குழாய் கிடக்கும் அதே பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். நமக்கு முன்னால் எடுத்தவர் அதை எதற்கெல்லாம் பிடித்தார் என்று யாருக்குத் தெரியும்? குடிநீருக்கென்றே விற்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸை, 25 அடியில், சொந்தமாக வாங்கிவிடுங்கள். தோட்டத்துப் பச்சை ஹோஸ் வேண்டாம். அதன் பித்தளை முனையிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் ஈயம் இறங்கக்கூடும். கழிவைக் கொட்டும் இடத்தருகே உள்ள குழாய் கழிவு ஹோஸை அலசுவதற்கானது. எவ்வளவு அவசரமென்றாலும் அதில் பிடிக்கக் கூடாது. நல்ல குழாயாக இருந்தாலும் அதன் வாயை பிளீச் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பழைய முகாம்களில் அழுத்தம் தாறுமாறாக இருக்கும் என்பதால் ஒரு பிரஷர் ரெகுலேட்டரும் வேண்டும். 40, 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் வண்டியின் குழாய் இணைப்புகள் பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது டேங்க். சொந்த வண்டி என்றால் 15 காலனுக்குக் கால் கப் வாசனையற்ற பிளீச் கலந்து நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் நெடி வரும்வரை திறந்து மூடி, பன்னிரண்டு மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, நெடி போகும்வரை அலசச் சொல்வேன். காலையில் சாவி வாங்கி மதியம் கிளம்புகிற உங்களுக்கு அதற்கு நேரமில்லை. எனவே டேங்க் தண்ணீரைக் குளிக்க, பாத்திரம் தேய்க்க, கழிப்பறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் குழாயை நேரடியாக வண்டியில் மாட்டினால் தண்ணீர் டேங்க்குக்குள் போகாமல் சமையலறைக்கு வரும். சிறிது நேரம் ஓடவிட்டுச் சமைக்கப் பிடிக்கலாம்.

குடிக்க, ஐந்து காலன் கேன் மூன்று வாங்குங்கள். ஒவ்வொன்றும் நம்மூர் இருபது லிட்டர் கேன் அளவுதான். பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் என்று கணக்கிட்டால், நான்கு பெரியவர்களுக்கு மூன்று நாளைக்குத் தாராளம். பல்பொருள் கடை வாசல்களில் ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம் இருக்கும். பாட்டில் விலையோடு ஒப்பிட்டால் கொசுறு. ஊரை விட்டுக் கிளம்புமுன் மூன்றையும் நிரப்பிவிடுங்கள். மோவாப் பக்கம் கேன்யன்லாண்ட்ஸின் வில்லோ ஃப்ளாட் முகாமில் குழாயே கிடையாது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்த்தொடர் 1960களில் போட்டது. அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் அது பல இடங்களில் உடைந்து, விடுதிகளில் இரவு தங்குவதையே நிறுத்தினார்கள். கிளம்பும் அன்று பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மீட்டர். அது கரைந்த உப்பைத்தான் அளக்கும். கிருமி அதன் கண்ணில் படாது. ஈயம் ஆபத்தான அளவில் கலந்திருந்தாலும் எண் அசையாது. லேக் மீட் ஏரியிலிருந்து வரும் லாஸ் வேகஸ் தண்ணீர் கடின நீர். மீட்டர் 500ஐத் தாண்டினால் பதற வேண்டாம். அமெரிக்க அரசு சொல்லும் அந்த 500 சுவைக்கான வரம்பு, உடல்நலத்துக்கானது அல்ல. உங்கள் கணவர் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம். ஹோஸில் மாட்டுகிற கரி ஃபில்டரும் குளோரின் நெடியை எடுக்குமே தவிர கிருமியைக் கொல்லாது.

அத்தை சொல்வதில் பாதி சரி. ஜியார்டியா மட்டுமல்ல, குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம்கூடக் கொதிநீரில் சாகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம். யெல்லோஸ்டோன் ஏரி 7,700 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். (குக்கர் எடுத்துப் போங்கள், துவரம்பருப்பு சாமானியத்தில் வேகாது.) ஆனால் ஈயமும் நைட்ரேட்டும் கொதித்துப் போகிறவை அல்ல. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜன் சுமப்பதைத் தடுக்கக்கூடியது. அதனால் பிள்ளைக்குப் பால்பவுடர் கரைப்பதாக இருந்தால் கடையில் சீல் வைத்த சுத்திகரித்த தண்ணீரை மட்டுமே வாங்கி, காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். பாட்டிலுக்குக் காசைக் கொட்ட வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.