தோட்டத்திற்கு வரும் காட்டு விலங்குகளைக் கவனித்தலும் படம்பிடித்தலும்

உடப்புசல்லாவைப் பகுதியில் தேயிலை மலைகளுக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையே கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகிய மரக்கறிகள் பயிராகின்றன. பள்ளங்களிலுள்ள படிவயல்களில் நெல் விளைகின்றது. காடும் பயிரும் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய இடங்களில் விலங்குகள் நிலத்தினுள் வருதல் இயல்பேயாம். காலையில் பாத்தி கிளறப்பட்டிருக்கக் காணும் கமக்காரர் சிலர், வந்த விலங்கு எதுவென ஆராயாது, வேலியோரத்திற் சுருக்குக் கம்பி கட்டிவிடுகின்றனர். இதனாற் பயிரும் காக்கப்படுவதில்லை. பயிரைத் தொடாத விலங்கும் மாள்கின்றது.

சுருக்குக் கம்பியின் கேடு

சுருக்குக் கம்பி விலங்கை வேறுபடுத்தி அறியாது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணியில், காண்பதற்கு மிக அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் அகப்பட்டது. அது மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை பெற்றும், சில நாள்களில் இறந்தது. சிறுத்தை பயிரை உண்பதில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் மரையையுமே இரையாகக் கொள்கின்றது. ஆகவே, சிறுத்தையை இழந்த கமக்காரர் கூலி பெறாத காவலாளியை இழந்தவராவர். மேலும், சிறுத்தை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்காகும்.

தடயங்களைக் கவனித்தல்

வேலியில் விலங்கு நுழையக்கூடிய திறப்புகளில் இரண்டடி அகலத்திற்கு மண்ணைக் கொத்தி, கட்டியுடைத்து, மட்டமாக்கி வைத்தல் வேண்டும். மறுநாட் காலையில், வேலையாட்கள் நிலத்தில் இறங்குமுன், அங்குப் பதிந்த அடிகளை நோக்குக.

1. காட்டுப்பன்றி: மண் உழுததுபோற் புரட்டப்பட்டிருக்கும். பிளவுபட்ட குளம்பின் பின்னே இரு சிறு புள்ளிகள் பெரும்பாலும் பதிந்திருக்கும்.

2. மரை: குளம்படி பெரியது. மேல்வாயில் முன்பல் இல்லாமையால் இலைகள் கிழிக்கப்பட்டுக் காணப்படும்.

3. முயல்: இளந்தண்டு கத்தியால் அறுத்ததுபோற் சரிவாக வெட்டுண்டிருக்கும். அருகில் உருண்டையான சிறு புழுக்கைகள் கிடக்கும்.

4. முள்ளம்பன்றி: கிழங்கில் அகன்ற பற்கீறல்கள் இருக்கும். சில வேளைகளில் உதிர்ந்த முள்ளும் கிடைக்கும்.

5. எலி: நெல்வயலின் வரம்பில் வளைகள் காணப்படும். நெற்றாள் அடியிற் சரிவாகத் துண்டிக்கப்பட்டிருக்கும்.

6. சிறுத்தை: நான்கு விரல்களும் ஓர் அகன்ற திண்டும் பதியும், நகம் பதிவதில்லை. நாயின் அடியில் நகம் பதியும். இவ்வடியைக் காண்பவர் அஞ்சிக் கம்பி கட்டுதல் வேண்டா. தனியே அதனைத் தொடர்ந்து செல்லுதலும் ஆகாது.

குரங்குகள் பகலிலேயே வருவன. ஆகையால் அவற்றை நேரிற் கண்டறியலாம்.

படம்பிடிக்கும் முறை

அடித்தடத்தைக் கைத்தொலைபேசியாற் படம்பிடிக்கலாம். தடத்தின் அருகே தீப்பெட்டி ஒன்றை வைத்து, நேர் மேலிருந்து எடுத்தால் அளவு விளங்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது தடத்தின் ஆழம் தெளிவாகத் தெரியும்.

இரவில் வரும் விலங்குகளுக்கு, உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுக்கும் கமரா ஏற்றது. அயலார் சிலர் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். தடத்திலிருந்து பத்தடி தொலைவில், நிலத்திலிருந்து ஒன்றரையடி உயரத்தில், மரத்திலோ கட்டையிலோ அதனை இறுகக் கட்டுதல் வேண்டும். சூரியன் நேரே படாவண்ணம் வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைத்தல் நன்று. முன்னால் அசையும் புல்லையும் இலையையும் அகற்றாவிடில் வீண் படங்களே மிகும். நாளும் நேரமும் படத்திற் பதியுமாறு முதலிலேயே அமைத்துக்கொள்க. இரை வைத்து விலங்கை வரவழைத்தல் கூடாது. அது நாளடைவில் அவ்விடத்திற்கே பழகிவிடும்.

குறிப்பேடு

நாள், நேரம், மழை, நிலவு, பயிரின் பருவம், கண்ட தடயம் ஆகியவற்றை ஏழு இரவுகளுக்கேனும் தொடர்ந்து எழுதுதல் வேண்டும். எவ்வழியாக, எந்நேரத்தில், எவ்விலங்கு வருகின்றது என்பது இதனாற் புலனாகும். இலங்கை முழுவதும் 2025ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிடம், மக்கள் தத்தம் வளவுகளிற் கண்ட குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் பதிந்தனர். பயிர்க்கேட்டை அளக்க முதற்கண் வேண்டுவது கமக்காரரின் கண்ணே என்பதற்கு இது சான்றாகும்.

அறிந்தபின் செய்யவேண்டுவன

பன்றி நுழையும் இடத்தில் வேலியின் அடிப்பகுதியை வலுப்படுத்துக. முள்ளம்பன்றி தோண்டும் இடத்தில் வேலியடியிற் கற்களைப் புதைக்க. முயலுக்கு நெருங்கிய கண்ணுடைய தாழ்ந்த வலை போதுமானது. எலியைக் குறைக்க வரம்புகளைச் சிறிதாக்கிக் களையகற்றி, அயல்வயல்களுடன் ஒரேகாலத்தில் விதைத்தல் நன்று. குரங்கு வரும் வேளையிற் காவல் வேண்டும்.

யாதேனும் விலங்கு கம்பியில் அகப்பட்டிருக்கக் கண்டால் அருகே செல்லாது, கூட்டம் கூடவிடாது, வனசீவராசிகள் திணைக்களத்திற்கோ பொலிசாருக்கோ உடனே அறிவித்தல் வேண்டும்.

வந்த விலங்கை அறிந்தவர் அதற்கேற்ற காவலை அமைப்பார். அறியாது கட்டும் கம்பியால் விளைவது இழப்பேயன்றிக் காவலன்று.