அழகர்மலை யாத்திரையும் அளவறிந்த உணவும்



பள்ளி விடுமுறை தொடங்கியதும் திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் முதலிய பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு மதுரைக் குன்றங்களைத் தரிசிக்கப் புறப்படுகின்றன. பாராட்டத்தக்க வழக்கம் இது. ஆயினும் இத்தகைய பயணங்களில் நிகழும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடைவீதியில் எண்ணெய் மிகுந்த உணவு. காலையில் தாமதமாகத் துயிலெழுதல். வெயில் ஏறிய பின்னர் மலையேற்றம். முடிவில், பல்லாண்டுகள் இத்தரிசனத்தை விரும்பியிருந்த பாட்டி மலையடியில் வேனிலேயே அமர்ந்துவிடுகிறார். பேரக்குழந்தை வயிற்றுவலியால் துவள்கிறது. குகை வரை சென்றவர்களும் நின்று வணங்க இயலாமல், குடிநீர் தேடி இறங்கிவிடுகின்றனர்.

இதற்கு மலையின் உயரம் காரணமன்று. ஊரில் காக்கும் உணவு நெறிகளுக்கும் சேர்த்து நாம் விடுமுறை அளித்துவிடுவதே காரணம். அந்நெறிகள் பயணத்திற்குத் தடையல்ல. பயணத்தில் உடலைக் காப்பவையும் அவையே. இதனை அழகர்மலையைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

உப்பு வணிகரும் பாகு வணிகரும்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அழகர்கோவில் உள்ளது. அம்மலைத்தொடரில், கிடாரிப்பட்டியை ஒட்டிய குன்றின் குகையில் நம் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகளும், பிற்காலத்தில் அச்சணந்தி முனிவர் செய்வித்த திருவுருவமும் அங்கே உள்ளன. கல்வெட்டுகளில் கொடையாளர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. பொற்கொல்லர், துணி வணிகர், கொழு வணிகர் ஆகியோருடன் உப்பு வணிகர் ஒருவரும், பணித வணிகர் ஒருவரும் குறிக்கப்பெற்றுள்ளனர். பணிதம் என்பதற்குக் கரும்பின் பாகு, வெல்லம் எனப் பொருள் கொள்வர்.

புறத்தவம் ஆறனுள் இரச பரித்தியாகம் ஒன்று என்பதை நாம் அறிவோம். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய ஆறு சுவைப்பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தலே அத்தவம். உப்பும் பாகும் விற்று வாழ்ந்தவர்கள், அவற்றைத் துறக்கும் நெறியில் நின்ற முனிவர்களுக்குக் கொடை அளித்தனர்! அன்று தொலைவிலிருந்து வண்டியேறி வந்த அருமைப் பொருள்கள் இன்று ஒவ்வொரு சிப்ஸ் பொட்டலத்திலும் குளிர்பானப் புட்டியிலும் மிகுதியாகக் கலந்து வருகின்றன. நாள் ஒன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிகலாகாது, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இல்லறத்தார் முனிவரைப் போல் முற்றும் துறக்க வேண்டுவதில்லை. பயண நாள்களில் பொட்டலத் தின்பண்டங்களையும் புட்டிப் பானங்களையும் விலக்கினாலே போதும். குழந்தைகளையும் இந்நோன்பில் மகிழ்ச்சியுடன் சேர்க்கலாம்.

கதிரவனே கடிகாரம்

பயணத் திட்டத்தை விடுதியிலிருந்து தொடங்காமல் மாலைப் பொழுதிலிருந்து பின்னோக்கி வகுத்தல் நன்று. மதுரைப் பகுதியில் மே மாதத்தில் ஏறத்தாழ மாலை 6.30 மணிக்கும், டிசம்பரில் ஏறத்தாழ 6 மணிக்கும் கதிரவன் மறைகின்றான். மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்களுக்கு முன் உண்டு முடிக்க வேண்டுமாயின், மே மாதத்தில் 5.40 மணிக்குள்ளும் டிசம்பரில் 5.10 மணிக்குள்ளும் மாலை உணவு நிறைவுற வேண்டும். இதனால் பெறும் பயன் பல. உண்டபின் அரைமணி நேரம் உலவலாம். செரித்த வயிற்றுடன் ஒன்பது மணிக்கு உறங்கலாம். விடியலில் எழுந்து, சிறிது உண்டு, வெயில் கடுக்குமுன் மலையேறி இறங்கிவிடலாம். முன் உண்டது செரித்தமை அறிந்தே உண்ண வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்தும் கருத்தும் ஆகும்.

நீரும் உணவும்

நீரைத் துணியால் வடிகட்டும் நம் வழக்கத்தைப் பழமை என்று சிலர் எண்ணலாம். வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில், 65 சிற்றூர்களில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியவர்களிடம் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமிகள் நீர்வாழ் சிற்றுயிர்களில் ஒட்டியிருப்பதால் அத்துணியில் தங்கிவிடுகின்றன. எனினும் எல்லாக் கிருமிகளையும் துணி தடுத்துவிடாது. ஆதலின் வடிகட்டிய நீரைக் கொதிக்கக் காய்ச்சி, ஆற்றி எடுத்துச் செல்க. மலையேறுகையில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருகுக.

முதல் நாள் உணவிற்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் உடன் ஒரு பொரியலும் ஏற்றவை. இடையில் உண்ண அவல், பொரி, பொட்டுக்கடலை உருண்டை, வாழைப்பழம், வெள்ளரிக்காய் ஆகியவை போதும். மதுரையில் தங்கும்போது காலையில் இட்லி அல்லது இடியாப்பம் கொள்ளலாம். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் தருமாறு முன்கூட்டியே கேட்டுப் பெறுக. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, நாள்தோறும் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கிறது. பயணத்தில் முதலில் குறைவது இவையே. ஆதலின் ஒவ்வொரு வேளையிலும் காயோ பழமோ இடம்பெறுதல் வேண்டும். மிளகு மணக்க நெய்யில் வேகும் அழகர்கோவில் தோசை பெயர்பெற்றது. சுவை காண ஒன்றை நால்வர் பகிர்ந்துகொண்டால் போதும். வயிறு நிரம்புமுன் கை கழுவுதலே அவமோதரியம் என்னும் தவம். மலையேறுவோர்க்கு அது சிறந்த உதவியும் ஆகும்.

அங்குக் குரங்குகள் மிகுதி. உணவுப் பையைத் திறந்து வைக்கலாகாது. அவற்றுக்குப் பொட்டலத் தின்பண்டம் தருதல் இரக்கமும் ஆகாது. அது அவற்றின் இயல்பையும் உடலையும் கெடுக்கும்.

கால்களுக்குப் பயிற்சி

மலையேற்றம் ஊரிலேயே தொடங்க வேண்டும். புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே நாள்தோறும் 15 நிமிடம் நடக்கத் தொடங்கி, படிப்படியாக 40 நிமிடம் வரை உயர்த்துக. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்க. சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுக. வயது முதிர்ந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடலின் சமநிலைக்கான பயிற்சி செய்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இறங்கும்போது முழங்காலுக்குச் சுமை மிகுதி. ஆதலின் கைத்தடியுடன் மெல்ல இறங்குக. நெஞ்சில் இறுக்கமோ கடும் மூச்சுத்திணறலோ தோன்றின் அவ்விடத்திலேயே நின்று, உடனே மருத்துவ உதவி நாடுக. இதய நோய் உடையோர் பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

நீரிழிவு உடையோர் கவனிக்க

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை கொள்வோர்க்கு, மாலையில் விரைவாக உண்டு மறுநாட் காலை வரை காத்திருத்தல் சில வேளைகளில் ஆபத்தாகலாம். மலையேறிய நாளில் இவ்வாபத்து மேலும் மிகும். எனவே மருந்தின் அளவையும் நேரத்தையும் புறப்படுமுன் மருத்துவரிடம் மாற்றி அமைத்துக்கொள்க. தாமாக மாற்றுதல் கூடாது. வியர்வை, நடுக்கம், மயக்கம், குழறும் பேச்சு ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதுவும் ஊற்றலாகாது. 108ஐ அழைக்க வேண்டும்.

“இரவாயிற்றே, நோன்பு கெடுமே” என்று பெரியவர் மறுக்கக்கூடும். அப்போது வாதிட நேரம் இராது. ஆதலின் நோன்பு ஏற்கும்போதே மருந்துக்கும் நீருக்கும் விலக்கு வைத்துக்கொள்க. அவ்வேளையில் சர்க்கரையும் மருந்தே என்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் முன்னரே பேசித் தெளிதல் வேண்டும். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை நம் அறம். நம் உயிரும் அவற்றுள் ஒன்றன்றோ!

பயிற்சி

1. நீங்கள் செல்லவிருக்கும் நாளில் கதிரவன் மறையும் நேரத்தை நாட்காட்டியில் கண்டு, அதிலிருந்து பின்னோக்கி அந்நாளின் உணவு நேரங்களைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்க.

2. ஆறு சுவைப்பொருள்களுள் பயண நாள்களில் எதனைக் குறைப்பது என்பதைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தாமே தெரிந்து கூறுக.

3. வீட்டில் மூத்தவர் யார்? அவருடன் இன்று மாலை 15 நிமிடம் நடந்து வருக. அவருடைய நடையே நம் யாத்திரையின் வேகமாக அமையட்டும். கற்படுக்கையின் முன் அனைவரும் ஒருங்கே நிற்கலாம்.