இன்ஜின் மவுண்டிங்: போல்ட்டை முறுக்கும் முன்

காடி நிற்கும்போது ஏர்கோன் போட்டால் ஸ்டியரிங் நடுங்கும். ரிவர்ஸ் போட்டால் கீழே ‘டொக்’கென்று இடிக்கும். உடனே மவுண்டிங் வாங்க ஓடாதீர்கள். பிளக் தேய்ந்தாலும் திராட்டலில் அழுக்குச் சேர்ந்தாலும் நடுக்கம் வரும். ஆனால் அப்போது ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து தள்ளாடும். முள் அசையாமல் உடம்பு மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கை நன்றாக மிதித்தபடி ஒருவரை டி, ஆர் என்று கியர் மாற்றச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள், காடிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது. ரப்பர் அறுந்திருந்தால் இன்ஜின் எழும்பி விழுவது கண்ணுக்கே தெரியும்.

சுங்கை ரம்பாய் பக்கம் இன்னும் ஓடும் புரோட்டோன் வீராவை எடுத்துக்கொள்வோம். 1993இல் வந்த காடி. அதில் நான்கு மவுண்டிங்: டைமிங் பெல்ட் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, முன்னும் பின்னும் ரோல் ஸ்டாப்பர். முதல் இரண்டும் பாரம் தாங்கும். மற்ற இரண்டும் இன்ஜின் முன்பின் உருளாமல் தடுக்கும். பின் ரோல் ஸ்டாப்பருக்குக் கை நுழைவதே பாடு. அதற்கு மட்டும் போமனிடம் போவதுதான் புத்தி என்பேன்.

மவுண்டிங் ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போடுவது பாதி வேலை. வால்வ் கவர் கேஸ்கட் கசிந்து, இன்ஜின் ஆயில் வழிந்து ரப்பரை ஊற வைத்திருக்கும். நல்ல மவுண்டிங்கில் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். ஓயாத அதிர்வைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு, ஆனால் ஆயில் பட்டால் உப்பிப் பிசுபிசுத்துப் போகும். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிடுவதைத் தொடங்கி வைத்தவர் டான் சாய் யான். 1896இல், நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்த ரப்பர் ஆயிலில் ஊறிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. முதலில் கசிவை அடையுங்கள்.

ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதன் ரப்பரும் உங்கள் காடியைப் போலவே வயதானதுதான், வேண்டாம். கிழிந்த இடத்தில் கண்ணாடி ஒட்டும் கம்மை ஊற்றி இறுக்குவதும் வேண்டாம். ரப்பர் கல்லாகி, அதிர்வு முழுதும் உள்ளே வரும்.

வேலை நாளில் இன்ஜின் ஆறியிருக்கட்டும். சமதளம், டயருக்கு அணைக்கட்டை, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுதல் இவையெல்லாம் தெரிந்தவையே. ஆயில் சம்ப் வெறும் தகடு. அதனால் ஜேக்குக்கும் அதற்கும் நடுவே அகலமான பலகை வைத்து, பாரம் ஏறும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்ட் போட்டே ஆக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்தான்.

பலர் அவசரப்படும் இடம் இனிமேல்தான். புதிய மவுண்டிங்கின் நீள போல்ட் நுழையவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஜேக்கைச் சற்றே ஏற்றி இறக்கினால் துளைகள் நேராகும், போல்ட் கையாலேயே போகும். எல்லா போல்ட்டையும் கையிறுக்கத்தில் விடுங்கள். ஜேக்கை எடுத்து, காடியைத் தன் நான்கு டயரில் நிற்க வைத்து, இன்ஜினை இரண்டு பக்கமும் கையால் ஆட்டி அதன் இடத்தில் உட்காரச் செய்யுங்கள். பிறகே மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். தூக்கி வைத்த நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் திருகிய நிலையில் மாட்டிக்கொள்ளும். நடுக்கமும் போகாது, புது மவுண்டிங்கும் சீக்கிரம் கிழியும்.

சில நாள் ஓட்டியபின் போல்ட்டுகளை மறுபடி பாருங்கள். அப்படியே எக்சாஸ்டின் வளையும் குழாயையும் பாருங்கள். செம்பனை லோரிகள் குழியாக்கிய மண்சாலையில் மவுண்டிங் போன காடி நெடுநாள் ஓடியிருந்தால், இன்ஜின் ஆடிய ஆட்டத்தில் அந்தக் குழாயும் விரிந்திருக்கக்கூடும்.