கப்பல் காகிதங்களும் பத்து விரல்களும்

சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்திலோ வந்திறங்கும் ஒரு கன்டெய்னர் வாயிலைத் தாண்டி வெளியேறுவதற்குள், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி என்று அதன் பொருட்டுப் பிறந்த காகிதங்கள் அத்தனையும் ஏதேனுமொரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் கணினியில் குடியேறிவிடுகின்றன. முன்னாளில் இவை கயிறு கோத்த கட்டுகளாக, ராஜாஜி சாலைச் சுங்க மாளிகையில் மேஜைக்கு மேஜை குமாஸ்தாவின் அக்குளில் பிரயாணம் செய்தவை. 2018-இல் இ-சஞ்சித் என்னும் ஏற்பாடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்புகளாகவே சுங்கத்தாரிடம் சேருகின்றன. கால்நடை குறைந்தது வாஸ்தவம். ஆனால் அந்த நடையெல்லாம் இப்போது வலக்கைக்கு வந்து சேர்ந்து, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே அது நாள் முழுதும் போய் வந்துகொண்டிருக்கிறது. இந்த அலைச்சலைக் குறைக்க எந்த மார்க்கம் உகந்தது என்று ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இத்தொழிலில் இருக்கும் சிநேகிதர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் விரல்களை விசாரித்துக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் தேறியவருக்கு விரல்கள் விசைகளின் மீதே வாசம் செய்வதால், மவுஸைத் தொடுவதுதான் இடையூறு. கைப்பேசியில் தொட்டுப் பழகிய இளைஞருக்கோ மவுஸே சுலபம். சரக்கின் சேதத்தைக் காட்டும் புகைப்படங்களில் கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டிய வேலைக்கும் மவுஸே மேல் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டே காரியம் பார்ப்பது முதல் மார்க்கம். விண்டோஸ் விசையோடு ஈ எழுத்தை அழுத்தினால் அது திறக்கும். ஆல்ட்டும் மேல் அம்பும் மேற்படிக் கோப்புறைக்கும், ஆல்ட்டும் இடது அம்பும் வந்த வழிக்கும் கொண்டுபோகும். கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றும் சேர்ந்தால் புதுக் கோப்புறை பிறக்கும். எக்ஸ்.பி. காலத்தில் மேற்படிக்கு ஏற்றிய பேக்ஸ்பேஸ் விசை, பிற்பாடு வந்த பதிப்புகளில் வந்த வழியே திருப்பி அனுப்புவதாக மாறிவிட்டதால், பழைய கைகள் இன்னும் அவ்விடத்தில் தடுமாறுவதைக் காண்கிறேன்.

ஆனால் இந்தத் தொழிலுக்கென்றே செய்தாற்போன்ற விசை எஃப் 2 தான். ஸ்கேன் இயந்திரம் தன் இஷ்டத்துக்கு எண்களையே பெயராகச் சூட்டி அனுப்பிய இருபது கோப்புகளில் முதலாவதன்மீது நின்று, எஃப் 2-ஐ அழுத்தி, உரிய பெயரை அடித்து, என்டருக்குப் பதிலாக டேப்பை அழுத்தினால், அடுத்த கோப்பு தானாகவே பெயரிடக் காத்து நிற்கும். மவுஸால் ஒவ்வொன்றாய்ச் செய்கிறவர் பாதியில் சலித்துப்போய் ‘புதியது’, ‘புதியது 2’ என்று பெயரிட்டுவிடுகிறார். விரலால் செய்கிறவருக்கு அந்தச் சலிப்பு வருவதில்லை.

எழுத்தை அடித்த மாத்திரத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தாவுவதும் எக்ஸ்ப்ளோரரின் குணமே. எனினும் கன்டெய்னர் எண்ணையே பெயராக வைப்பவர்களுக்கு இதனால் பிரயோஜனம் சொற்பம். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமுமாக அமைந்த அந்த எண்ணின் முதல் எழுத்துகள் கன்டெய்னரின் சொந்தக்காரரைக் குறிப்பவையாதலால், ஒரே கப்பல் கம்பெனியின் பெட்டிகள் பலவும் ஒரே எழுத்துகளில் தொடங்கும். இலக்கங்கள் வரை இடைவிடாது அடித்தாலன்றி நாடிய கோப்பு அகப்படாது. ஆகவே பில் ஆஃப் என்ட்ரி எண்ணையோ, ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதிய நாளையோ பெயரின் முன்னால் வைப்பதே விவேகம். ஆண்டுக்குப் பதிலாகத் தேதியை முதலில் வைத்து எழுதினால் மாதங்கள் கலந்து வரிசை குழம்பிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது மார்க்கம் இரட்டைப் பலகை மென்பொருள்கள். டாஸ் காலத்தில், 1986-இல், ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டரின் வம்சத்தவையான டோட்டல் கமாண்டரும் இலவசமான டபுள் கமாண்டரும் இடமொன்றும் வலமொன்றுமாக இரு கோப்புறைகளைக் காட்டும்; டேப் பக்கம் மாற்றும், எஃப் 5 நகலெடுக்கும், எஃப் 6 இடம்பெயர்க்கும். ஸ்கேன் கோப்புறையிலிருந்து வாடிக்கையாளர் கோப்புறைக்கும், அங்கிருந்து பென்டிரைவுக்கும் நாள் முழுதும் சரக்கு ஏற்றி இறக்குகிறவருக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். மடிக்கணினியில் அந்த எஃப் விசைகளே ஒலியையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் வேலையையும் பார்ப்பதால், எஃப்.என். விசையைச் சேர்த்து அழுத்தப் பழக வேண்டியிருக்கும். அலுவலகக் கணினியில் புது மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாதவரும், நாளுக்கொரு கணினியில் உட்கார்த்தி வைக்கப்படுகிறவரும் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய அதில் பழகி வேலைக்கு வந்தவர்களும் உண்டு. லினக்ஸில் க்னோம் மேஜையின் கோப்பு மேலாளரில் எழுத்தை அடித்தால், அது தாவுவதற்குப் பதிலாகத் தேடலைத் தொடங்கிவிடும். பழக்கம் ஏமாற்றுவது இங்கேதான். எஃப் 2, ஆல்ட்டோடு மேல் அம்பு, முகவரிப் பட்டைக்குக் கொண்டுபோகும் கன்ட்ரோல் எல் ஆகிய மூன்றும் இரண்டிடத்திலும் ஒன்றுபோல் வேலை செய்வதால், எதில் இருப்போம் என்று தெரியாதவர் இவற்றிலிருந்து தொடங்கட்டும். மேக் வைத்திருப்பவருக்கு ஒரே எச்சரிக்கை: அங்கே என்டர் விசை கோப்பைத் திறக்காது, பெயர் மாற்றத்தான் நிற்கும்.

எந்த மார்க்கத்தில் போனாலும் டெலிட் விசையின்மீது பயம் இருக்கட்டும். ஷிப்டோடு அழுத்தினால் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாமல் ஒரேயடியாக மறையும் என்பது பலருக்குத் தெரியும். அலுவலகத்தார் பொதுவில் பகிரும் சர்வர் கோப்புறையில், ஷிப்ட் இல்லாமலே அழுத்தினாலும் அதே கதிதான் என்பது எனக்கே ஒரு மாலைப்பொழுதில்தான் தெரிந்தது. அன்று என் பக்கத்து மேஜைப் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அலமாரியைத் திறந்து, கயிறு கட்டிய பழைய கட்டை அவிழ்த்து, ஸ்கேன் இயந்திரத்தின்மீது முதல் தாளை வைத்தார்.