எந்தை என்னும் சொல்

நுழையும் முன்

மறைந்த தந்தையின் பெருமைகளை மக்கள் விரித்துரைப்பது உலக இயல்பு. ஐந்தே அடிகளில், புகழ்மொழி ஒன்றும் கூறாமல், தந்தையை என்றும் நினைவில் நிற்கச் செய்த மகளிரைப் பற்றியது இப்பாடம்.

பறம்பு மலையையும் அதனைச் சூழ்ந்த முந்நூறு ஊர்களையும் ஆண்டவன் வேள் பாரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரை ஈந்தவன். அவனது மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். பாரியின் உயிர்நண்பராகிய கபிலர் அவர்களை நோக்கி, ஊர்கள் முந்நூற்றையும் பரிசிலர் முன்பே பெற்றுவிட்டனர் என்றும், எஞ்சியிருப்பவை பாரியும் தாமும் மலையுமே என்றும் கூறினார். முடிவில் பாரி மாண்டான். பறம்பு பகைவர் வயமாயிற்று.

தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய பாடல் புறநானூற்றில் 112ஆம் பாடலாக அமைந்துள்ளது. இதன் திணை பொதுவியல், துறை கையறுநிலை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் தம் செயலற்ற நிலையைக் கூறி வருந்துவது கையறுநிலையாகும்.

இப்பாடலில் முல்லையும் இல்லை, தேரும் இல்லை. பாரி என்னும் பெயர்கூட இடம்பெறவில்லை. முன்னொரு திங்களின் வெண்ணிலவில் தந்தை இருந்தார். மலையும் தம்மிடம் இருந்தது. இத்திங்களின் வெண்ணிலவில் மலையை வேந்தர் கொண்டனர்; தந்தையும் இல்லை. இவ்வளவே அம்மகளிர் கூறுவது. நிலவு மாறவில்லை, அதன்கீழ் அவர்களது வாழ்வு மாறிவிட்டது.

பாடலின் அமைப்பு நுட்பமானது. இருந்த நாளைக் கூறுமிடத்தில் தந்தை முதலிலும் மலை அடுத்தும் வருகின்றன. இழந்த நாளைக் கூறுமிடத்தில் மலை முதலில் வர, தந்தை இறுதியில் வருகிறார். தந்தையின் இருப்பில் தொடங்கும் நினைவு, அவரது இன்மையில் முடிகிறது. நாட்டின் இழப்பு இவ்விரண்டுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. உலகம் வள்ளல் என்று போற்றியவனை அவன் மகளிர் ‘எந்தை’ என்றே அழைத்தனர்.

அவர்களது பிற்கால வாழ்வைக் கபிலர் 116ஆம் பாடலில் காட்டுகிறார். வேந்தருடைய போர்க்குதிரைகளை முன்பு எண்ணியவர்கள், இப்போது சிறுகுடிலின் அருகே ஈத்த இலைக் குப்பைமேல் ஏறி, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். அக்காட்சி கபிலரின் நெஞ்சை வருத்தியது.

அவர் அம்மகளிரைக் கைவிடவில்லை. விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணம்புரிந்துகொள்ள வேண்டினார். தந்தையின் தோழனாகிய தமக்கு அவர்கள் மகளிரே என இருங்கோவேளிடம் உரைத்தார். அவன் மறுத்தபோது, அவனைக் கடிந்து பாடவும் தயங்கவில்லை. ஊர்களையெல்லாம் வழங்கிவிட்ட பாரி தன் மகளிருக்குச் செல்வம் விட்டுச் செல்லவில்லை. ஆயினும், அவர்களைத் தம் மக்களாகக் கருதிய ஒரு நண்பரை விட்டுச் சென்றான். அவன் வாழ்ந்த வாழ்வின் தகுதிக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு அச்சில் பதிப்பித்தார். பாரியின் மலையை வென்ற வேந்தர் எவரெவர் என அவன் மகளிரின் பாடல் பெயர் சுட்டவில்லை. ‘எந்தை’ என்னும் சொல்லோ அதில் இருமுறை ஒலிக்கிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தில் மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி, புகழ்ச்சொல் எதனையும் பயன்படுத்தாமல் ஐந்து வரிகள் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.